இசையமைப்பாளர் இயக்குநரானதில் யாருக்கு நட்டம்? விஷால் பரத்வாஜை முன்வைத்து

வாசகர் ஒருவரின் கூற்று, 2 ஜூன் 2024

"விஷால் பரத்வாஜ் படம் இயக்கப் போகாமல் இருந்திருந்தால் இந்தித் திரையிசைக்கு இன்னும் இருபது நல்ல ஒலிநாடாக்கள் கிடைத்திருக்கும். 'மாச்சிஸ்' பாடல்களைக் கொடுத்தவர் எதற்காக ஷேக்ஸ்பியரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? இயக்குநர்களுக்குப் பஞ்சமில்லை. மெட்டுப் போடத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். இசை தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும்."

2 ஜூன் 2024, இரவு

எனக்கு இசை தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் இல்லை. திருநெல்வேலியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்து, பிறகு சென்னையில் ஆறேழு ஆண்டுகள் பின்னணி இசைப் பதிவுகளில் எடுபிடியாகவும் வாசிப்பவனாகவும் இருந்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

கூற்றின் அடித்தளமே சரியில்லை. தேடி வந்த இசை வாய்ப்புகளை உதறிவிட்டு அவர் இயக்கத்துக்குப் போகவில்லை. வாய்ப்புகள் வற்றியபோது போனார். 1996இல் கவிஞரும் இயக்குநருமான குல்சாரின் 'மாச்சிஸ்' வந்தது, ஆர்.டி. பர்மன் பெயரிலான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது, 1998இல் ராம் கோபால் வர்மாவின் 'சத்யா' வந்தது, 'காட்மதர்' படத்துக்காகத் தேசிய விருதும் கிடைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் கையில் போதிய படங்கள் இல்லை. தனக்கு இசையமைக்கும் வேலை கொடுக்க ஆள் இல்லாததால்தான் இயக்குநரானேன் என்ற பொருளில் அவரே பேட்டிகளில் பலமுறை பேசியிருக்கிறார். கல்யாண வீட்டில் பந்தி கிடைக்காதவன் தானே சமையல் கட்டுக்குள் நுழைந்த கதை இது. அந்த இருபது ஒலிநாடாக்கள் எப்படியும் வந்திருக்காது.

இயக்கத்தின் மீதான ஆசை திடீரென்று முளைத்ததும் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு திரைப்பட விழாவில் போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் பத்துக் கட்டளைகள் பட வரிசையைப் பார்த்ததுதான் தன்னை அசைத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். 2002இல் சிறுவர் திரைப்படச் சங்கத்தின் ஆதரவில் 'மக்டீ' வெளியானது. அடுத்த ஆண்டிலேயே ஷேக்ஸ்பியரின் மக்பெத்தைத் தழுவிய 'மக்பூல்'. அதன் பிறகு நடந்ததை எல்லோரும் அறிவார்கள்.

3 ஜூன் 2024

நேற்று எழுதியதில் அவர் இசையை முதலில் கேட்ட இடத்தை விட்டுவிட்டேன். 'மாச்சிஸ்' எனக்கு அடுத்தபடிதான். 1993இல் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷனில் ஜப்பானிய 'ஜங்கிள் புக்' கார்ட்டூன் இந்தியில் ஓடியது. எங்கள் தெருவில் இரண்டே வீடுகளில் வண்ணத் தொலைக்காட்சி இருந்தது. அதில் ஒரு வீட்டின் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் நிற்போம். சட்டியைப் போட்டுக்கொண்டு பூ மலர்ந்தது என்று வரும் அந்த முகப்புப் பாட்டின் இந்தி வரிகள் எங்களில் ஒருவருக்கும் புரியாது. ஆனால் 'சட்டி' என்ற சொல் வந்ததும், அது எங்கள் ஊர்ச் சட்டிதான் என்று நம்பி, தலையில் சோற்றுச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு பாடுவார்கள் சின்னப் பிள்ளைகள். அது கால்சட்டை என்று கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். ஏறக்குறைய சரியாகத்தான் பாடியிருக்கிறோம். வரிகள் குல்சாருடையவை, மெட்டு பரத்வாஜுடையது. மொழி தெரியாத பிள்ளைகள் பிழையோடும் தாளம் பிசகாமலும் பாடும்படி அந்த மெட்டு இருந்தது.

இப்போது யோசித்தால், அந்தப் பாட்டில் ஏற்ற இறக்கம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு பிள்ளை பேசுகிற நடையிலேயே அது போகிறது. பேச்சின் நடையை மெட்டாக்குவது என்ற இந்த இடத்துக்குப் பின்னால் திரும்பி வருவேன் என்று நினைக்கிறேன்.

4 ஜூன் 2024

திருத்தம். 'மக்டீ' சிறுவர் திரைப்படச் சங்கத்தின் ஆதரவில் வெளியானது என்று முதல் குறிப்பில் எழுதியது தவறு. சங்கத்துக்காகத்தான் அது எடுக்கப்பட்டது. முடித்த படம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பரத்வாஜ் அதைத் தானே வாங்கி வெளியிட்டார். இரட்டையராக நடித்த சுவேதா பாசு பிரசாதுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. நிராகரித்தவர்கள் அன்று என்ன நினைத்தார்களோ! அடுத்துக் குழந்தைகளுக்காக அவர் எடுத்த, ரஸ்கின் பாண்ட் கதையிலிருந்து பிறந்த நீலக் குடைப் படம் சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதையே வாங்கியது.

6 ஜூன் 2024

"இசையமைப்பாளர் இயக்கினால் படம் முழுக்கப் பாட்டாகத்தானே இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார்கள். நேர்மாறான ஒன்று நடந்தது என்பது என் எண்ணம். அதைச் சொல்ல ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு படத்தின் ரீரெக்கார்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். எட்டாவது ரீல். கல்லூரிக்குப் புறப்படும் மகனுக்கு அப்பா பணம் கொடுக்கிற காட்சி. அவர் வேட்டி மடிப்பை அவிழ்த்து, அதற்குள் முடிந்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து, எச்சில் தொட்டு எண்ணி, ஒரு நோட்டை மட்டும் திரும்ப மடிப்புக்குள் வைத்துக்கொள்கிறார். வசனம் இல்லை. படப்பிடிப்பில் பதிவான ஒலியில் நோட்டின் சரசரப்பும் வெளியே எங்கோ ஒரு சைக்கிள் மணியும் இருந்தன. இயக்குநர், "இந்த இடம் காலியா கிடக்கு சார், ஏதாச்சும் போடுங்க" என்றார். இசையமைப்பாளர் இரண்டு முறை தயங்கினார். மூன்றாவது முறை நோட்ஸ் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு வயலின், அதன் மேல் ஒரு புல்லாங்குழல். கீபோர்டில் நான் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டேன். நன்றாகத்தான் வந்தது. வாசித்து முடித்ததும் இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுவாரம் ஒலிக்கலவை முடிந்த ரீலைப் போட்டுப் பார்த்தபோது நோட்டின் சரசரப்பு இல்லை. வயலினுக்கு இடம் விட அதை இறக்கிவிட்டார்கள். அப்பா ஒரு நோட்டைத் திரும்ப வைத்துக்கொண்டதை அதற்கு முன்பு நான் காதால்தான் கவனித்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒலி போனதும் அந்தச் செய்கை படத்தில் இருந்தும் இல்லாமல் ஆயிற்று. இசையமைப்பாளருக்கு அது தெரிந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவர் இல்லை. சம்பளத்துக்கு வந்தவர், கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவர்.

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பரத்வாஜுக்கு இந்த உரிமைதான் முதலில் கிடைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. காலியாகக் கிடக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. 'மக்பூல்' படத்தில் பங்கஜ் கபூர் நடித்த நிழலுலகத் தலைவர் அப்பாஜி பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். தொண்டைக்குள்ளேயே உருளும் குரல். பாதிச் சொற்கள் வெளியே வருவதில்லை. அறையில் இருக்கிற எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுக்கிறார்கள். அந்த மனிதரின் அதிகாரம் அந்தத் தாழ்ந்த ஒலியில் இருக்கிறது. அதற்கு அடியில் பன்னிரண்டு வயலின் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வேடத்துக்காக அவருக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது கிடைத்தது.

7 ஜூன் 2024

தலைப்பில் 'இசையமைப்பாளர்' என்று போட்டது ஏன், 'மியூசிக் புரொட்யூசர்' என்று போடக் கூடாதா என்ற கேள்வி. நான் வேலை பார்த்த காலத்தில் புரொட்யூசர் என்றால் பணம் போடுகிறவர் ஒருவர்தான். அவர் ஸ்டூடியோவுக்குள் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்போம். மெட்டைக் கருவிகளில் கட்டி, ஒலிகளைத் தேர்ந்து, பாட்டை முடித்துக் கொடுக்கிறவரைப் புரோகிராமர் என்போம். அவருக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. இப்போது அவருக்குத்தான் புரொட்யூசர் என்று பெயர். பரத்வாஜ் இரண்டு பொருளிலும் அந்தப் பெயருக்கு உரியவர், பணம் போட்ட வகையிலும் சேர்த்து.

9 ஜூன் 2024

மூன்றாம் தேதி விட்ட இடம். பேச்சின் நடை.

2006இல் சென்னையில், பரத்வாஜ் ஒத்தெல்லோவைத் தழுவி எடுத்த 'ஓம்காரா' பார்க்கப் போனபோது அலுவலக நண்பர் ஒருவரும் உடன் வந்தார். அவர் மீரட் பக்கத்துக்காரர். சென்னையில் நான்கு ஆண்டுகளாக இருந்தும், உணவையும் வெயிலையும் தவிர வேறு எதைப் பற்றியும் வாய் திறக்காதவர். படம் தொடங்கி லங்டா தியாகியாக வரும் சைஃப் அலி கான் மணமகனிடம் நக்கலாகப் பேசத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே அவர் தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூட இந்தியை வைத்துக்கொண்டு பாதி வசனத்தைப் பிடிக்கவே திணறினேன். இடைவேளையில், "இது என் பெரியப்பா பேசுகிற மாதிரியே இருக்கிறது. சினிமாவில் என் பெரியப்பா பேசுவதை நான் இதற்கு முன் கேட்டதே இல்லை" என்றார். கதையைப் பற்றியோ ஷேக்ஸ்பியரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. நாடகத்தின் கைக்குட்டை படத்தில் ஒட்டியாணமாக மாறியிருப்பதை நான் பெருமையாக எடுத்துச் சொன்னபோது அவர் காதில் வாங்கவே இல்லை.

பரத்வாஜ் வளர்ந்தது மீரட்டில். தந்தை கரும்புத் துறை ஆய்வாளர், பாட்டும் எழுதியவர். ஒத்தெல்லோவைத் தன் ஊருக்குக் கொண்டுபோனபோது அவர் முதலில் கேட்டது அந்த ஊர்ப் பேச்சைத்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பின் வந்த படங்களிலும் அப்படித்தான். 'கமீனே' படத்தில் இரட்டையரில் ஒருவனுக்கு 'ச' வராது, 'ஃப' என்றே வரும், மற்றவனுக்குத் திக்குவாய். முகம் ஒன்று, வாய் இரண்டு. 'மட்ரு கி பிஜ்லீ கா மண்டோலா' அரியானப் பேச்சில் போகிறது. 'பட்டாகா' ராஜஸ்தானத்துச் சகோதரிகளின் வசவில் போகிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புதிய வாத்தியத்தைத் தேர்வதுபோல அவர் ஒரு பேச்சுமொழியைத் தேர்கிறார். இசைக்காரர் இயக்கியதால் படத்துக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் என் பதில் இதுதான். பாட்டுகள் அதற்கு அடுத்த இடம்.

9 ஜூன் 2024, பிற்பகல்

ஒன்று சொல்ல மறந்தேன். 'ஓம்காரா' நடப்பது மீரட் பக்கம் என்றாலும் பெரும்பகுதியை எடுத்தது மகாராஷ்டிரத்தில், சாத்தாரா மாவட்டத்து ஊர் ஒன்றில். ஊரின் பெயர் வாய். நான் எதையும் இட்டுக்கட்டவில்லை.

12 ஜூன் 2024

தமிழில் இதற்கு இணை உண்டா என்று இருவர் கேட்டார்கள். கங்கை அமரன். 'மௌன கீதங்கள்', 'வாழ்வே மாயம்' ஆகிய படங்களுக்கு இசையமைத்தவர், பாடலாசிரியர், இயக்குநர். ஆனால் இணை என்று சொன்ன வாயால் உடனே வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். 'கோழி கூவுது', 'எங்க ஊரு பாட்டுக்காரன்', 'கரகாட்டக்காரன்' மூன்றையும் இயக்கியவர் அவர். மூன்றுக்கும் இசை இளையராஜா. தனக்கு இசை வாய்ப்பு வேண்டும் என்று பரத்வாஜ் இயக்குநரானார். இசை வாய்ப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தும் கங்கை அமரன் அதை அண்ணனிடம் கொடுத்தார். வீட்டிலேயே இளையராஜா இருக்கும்போது வேறு என்ன செய்வது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. என்றாலும், மெட்டுப் போடத் தெரிந்த ஒருவர் தன் படத்தில் மெட்டுப் போடாமல் இருப்பதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும் என்பதை அந்தத் தொழிலில் இருந்தவர்கள் அறிவார்கள்.

எதிர்த் திசையில் வந்தவர் சத்யஜித் ரே. முதல் படங்களுக்குச் சிதார் மேதைகள் ரவி சங்கரையும் விலாயத் கானையும் அழைத்தார். 1961இன் 'தீன் கன்யா' முதல் தன் படங்களுக்குத் தானே இசையமைத்தார். மேதைகளிடம் இத்தனை நொடி போதும், இங்கே நிறுத்துங்கள் என்று சொல்வதைவிடத் தானே எழுதிக்கொள்வது எளிது என்று அவர் நினைத்திருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

13 ஜூன் 2024

தமிழ் என்று பேச்சு எடுத்ததால் ஒரு வேடிக்கை. கமல் ஹாசன் 'அவ்வை சண்முகி'யை 1997இல் இந்தியில் 'சாச்சி 420' என்று எடுத்தபோது பாடல்களுக்கு இசையமைத்தவர் பரத்வாஜ். தமிழில் தேவா. பிறகு 2015இல் மலையாள 'திருஷ்யம்' தமிழில் கமல் நடிக்கப் 'பாபநாச'மாகவும், இந்தியில் அதே பெயரிலும், ஒரே மாதத்தில் வெளிவந்தது. தமிழுக்கு ஜிப்ரான், இந்திக்கு மறுபடியும் பரத்வாஜ். கமல் வீட்டுக் கொல்லைப்புறமாக இரண்டு முறை நடந்துபோயிருக்கிறார் மனிதர். 'மாச்சிஸ்' பாடல்களில் நம் ஹரிஹரனின் குரலும் இருக்கிறது.

முதல் கூற்றுக்கும் இதில் ஒரு பதில் உண்டு. இயக்குநராகிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் பிறர் படத்துக்கு அவர் இசையமைத்துக்கொண்டுதான் இருந்தார். 2007இல் ராம் கோபால் வர்மாவின் 'நிசப்த்', 2008இல் அஜய் தேவ்கன் இயக்கிய படம், தன்னிடம் உதவியாளராக இருந்த அபிஷேக் சௌபேயின் படங்கள் என்று பட்டியல் நீளும்.

16 ஜூன் 2024

ஆறாம் தேதிக் குறிப்பைப் படித்த ஒருவர், "அப்படியானால் இசைக்காரர்கள் எல்லோரும் நல்ல இயக்குநர்கள் ஆகிவிடுவார்களா?" என்று கேட்டார். ஆக மாட்டார்கள். சாட்சி வெளியில் தேட வேண்டாம், நானே இருக்கிறேன்.

2011இல் ஒரு குறும்படம் எடுத்தேன். பதினெட்டு நிமிடம். ஒரு தேநீர்க் கடைக்காரர், கடையைக் காலி செய்ய வேண்டிய கடைசி நாள். நடித்தவர் நாடகக்காரர், நல்ல நடிகர். படப்பிடிப்பு இரண்டு நாளில் முடிந்தது. படத்தொகுப்புக்கு உட்கார்ந்தபோது நான் செய்த முதல் காரியம், நிமிடத்துக்கு 84 தட்டு வேகத்தில் தாளம் காட்டும் ஒரு கிளிக் டிராக்கைப் போட்டதுதான். காட்சிகளைத் தட்டுக்குத் தட்டு வெட்டினேன். அடுப்புக்கு ஒரு தட்டு, கண்ணாடிக் குவளைக்கு ஒரு தட்டு, முகத்துக்கு நான்கு தட்டு. ஓட்டிப் பார்த்தால் தேர் ஓடுவதுபோல் இருந்தது. மிகுந்த மகிழ்ச்சி. மேலே ஒரு வீணை, கீழே தாழ்ந்த சுரத்தில் ஒரு பேஸ்.

நடிகரை வரச்சொல்லிப் போட்டுக் காண்பித்தேன். முடியும்வரை பேசாமல் பார்த்தார். பிறகு, "தம்பி, பால் பொங்குவதைப் பார்த்ததும் நான் ஒரு நொடி நின்றேனே, அது எங்கே?" என்றார். அந்த நிறுத்தம் தட்டுக்கு வெளியே விழுந்ததால் நான் வெட்டியிருந்தேன். அவர் மூச்சு இழுத்த இடங்கள், அடுப்பை அணைக்கத் தயங்கிய இடம், எல்லாம் 84இன் கணக்குக்குள் வராதவை. ஒரு மனிதர் வாழ்ந்து காட்டியதை நான் பாட்டுக்கு நடுவில் வரும் இடையிசையாக ஆக்கியிருந்தேன். அந்தப் படத்தை இரண்டு விழாக்களுக்கு அனுப்பினேன், இரண்டிலும் தேர்வாகவில்லை. தேர்வுக் குழுவை அன்று திட்டினேன். அவர்கள் மேல் பிழை இல்லை.

இசைக்காரன் இயக்கினால் ஏற்படும் ஆபத்து இதுதான். தாளம் கையில் இருப்பதால் மற்றவர்களின் மூச்சும் நம் தாளத்தில் வரவேண்டும் என்று எதிர்பார்ப்போம். பரத்வாஜ் எப்படித் தப்பித்தார் என்று யோசித்தால் அவரது தொடக்கம் நினைவுக்கு வருகிறது. குல்சாரின் வரிகளோடுதான் அவர் வளர்ந்தார். அந்த வரிகள் சந்தத்துக்குள் ஒழுங்காக அடங்கி உட்காராதவை. பேச்சுபோல நடுவில் திரும்பிக்கொள்ளும், மூச்சு வாங்கும். அந்த வரிகளுக்கு மெட்டுக் கட்டுகிறவன் பேசுகிறவனின் மூச்சுக்குக் காத்திருந்தே ஆகவேண்டும். எனக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. மெல்லிசை மேடையில் பாடகர்தான் எங்கள் டிரம் மெஷினுக்குக் காத்திருப்பார்.

17 ஜூன் 2024

மேலே வீணை என்று எழுதியிருந்தேன். வீணை இல்லை, கீபோர்டில் இருந்த வீணை ஒலி. நடிகர் இதைப் படித்தால் திருத்துவார் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

19 ஜூன் 2024

இரண்டு வாரமாகப் பரத்வாஜுக்கு வக்கீல் வேலை பார்த்தாயிற்று. நியாயத்துக்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும். கூற்றை எழுப்பிய வாசகர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன், அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல என்றாலும்.

'சத்யா'வை மறுபடி பார்த்தேன். பாடல்கள் பரத்வாஜ்; பின்னணி இசை சந்தீப் சௌட்டா. இரண்டு பேரின் இசையும் ஒரே படத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகிறது. குடித்துவிட்டு ஆடும் ரவுடிகளின் பாட்டு முடிந்த கொஞ்ச நேரத்தில் வேறு ஒருவரின் இறுக்கமான இசை வந்து கழுத்தைப் பிடிக்கிறது. இந்த உரசல் ஒரே கையிலிருந்து வந்திருக்குமா என்பது ஐயமே. அங்கே வர்மா என்ற மூன்றாவது மனிதர் உட்கார்ந்து இதை எடு, அதைத் தள்ளு என்று தீர்மானித்துக்கொண்டிருந்தார். இயக்குநர் பரத்வாஜுக்கு இசையமைப்பாளர் பரத்வாஜிடம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை கிடைத்தது என்று ஆறாம் தேதி எழுதினேன். ஆனால் அதே மனிதருக்கு இசையமைப்பாளர் ஆசைப்பட்டதையெல்லாம் அனுமதிக்கும் உரிமையும் சேர்ந்தே கிடைத்தது. 2017இல் வந்த 'ரங்கூன்' பார்த்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது. நாயகி போர்க்காலத்துத் திரைநட்சத்திரம், படைவீரர்கள் முன் ஆடப் போகிறவள். ஆகவே எந்த இடத்திலும் பாட்டு வைக்கக் கதையே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு பாட்டும் தனியாக நன்றாக இருக்கிறது. படம் ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடப் பார்த்து, பாட்டு முடியட்டும் என்று திரும்ப உட்கார்ந்துகொள்கிறது.

தேசிய விருதுக் கணக்கையும் பாருங்கள். முழுநீளப் படங்களின் இசையமைப்புக்காக அவர் வாங்கியவை 'காட்மதர்', 'இஷ்கியா', 'ஹைதர்'. முதலாவது வினய் சுக்லா இயக்கியது. இரண்டாவது அபிஷேக் சௌபே இயக்கியது. மூன்றாவதுதான் அவரே இயக்கியது. இரண்டு முறை வேறொருவர் நாற்காலியில் இருந்திருக்கிறார். இதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

22 ஜூன் 2024

'ரங்கூன்' பற்றிய என் குறிப்புக்கு வந்த கடுமையான மறுப்புகளில் ஒன்று நியாயமானது: "அப்படியானால் 'ஹைதர்' படத்தில் பாட்டுகள் இல்லையா?" இருக்கின்றன. அதனால்தான் அதைத் தனியாக எழுத வேண்டும்.

'ஹைதர்' ஹாம்லெட்டைத் தொண்ணூறுகளின் காஷ்மீருக்குக் கொண்டுபோகிறது. திரைக்கதையில் பத்திரிகையாளர் பஷாரத் பீரும் பங்காளி. மூல நாடகத்தில், கொலைகாரனின் முகத்தைப் பார்ப்பதற்காக இளவரசன் ஒரு நாடகத்தை நடத்த வைப்பான். இங்கே அந்த நாடகமே பாட்டாகிறது. மார்த்தாண்டச் சூரியன் கோயிலின் இடிபாடுகளுக்கு நடுவே பெரிய பொம்மைகளோடு ஷாஹித் கபூர் ஆடுகிறார், சுக்விந்தர் சிங் பாடுகிறார், சித்தப்பன் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தப் பாட்டை எடுத்துவிட்டால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். குழி வெட்டும் கிழவர்களின் பாட்டும் அப்படியே. 'ஓம்காரா'வில் பீடிப் பாட்டு நடக்கும் இரவில்தான் நாயகனின் தளபதி கேசு குடித்துவிட்டு அடிதடியில் இறங்கித் தன் பதவிக்கு உலை வைத்துக்கொள்கிறான். அங்கே ஊர் முழுவதும் அந்தப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, ஒத்தெல்லோ நாடகம் படித்தவர்கள் மட்டும், கேசுவின் மூலமான காசியோ கெட்டழியும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே படத்தின் கடைசியில் சுரேஷ் வாட்கர் குரலில் எழுந்திரு பொம்மையே என்று ஒரு பாட்டு, கணவன் கையால் மூச்சடக்கப்பட்டுக் கிடக்கும் நாயகி டாலியின் மேல் வருகிறது. திருப்பள்ளியெழுச்சி கேட்டு வளர்ந்த நமக்கு அது எங்கே தைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திரையரங்கில் என் மீரட் நண்பர் அப்போது சிரிப்பை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

ஆனால் 'ஹைதர்' படத்தில் என்னை உட்கார வைத்த பாட்டு இவை எதுவும் இல்லை. ஹைதரின் தந்தை மருத்துவர். உருதுக் கவிஞர் ஃபைஸின் கஜல் ஒன்றை முணுமுணுப்பவர். பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிறகு சிறையிலும் அதைப் பாடுகிறார். அந்த மெட்டு பரத்வாஜுடையது அல்ல. பாகிஸ்தானிய கஜல் பாடகர் மெஹ்தி ஹசன் பாடிப் பாடி ஊரறிந்த மெட்டு. ஒலிநாடாவுக்காக அரிஜித் சிங் பாடியதும் அதே மெட்டைத்தான். தன் படத்தின் மிக முக்கியமான இடத்தில், தந்தையின் நினைவு முழுவதையும் தாங்க வேண்டிய இடத்தில், இசையமைப்பாளராக இருந்து இயக்குநரான ஒருவர் வேறொருவரின் மெட்டை வைக்கிறார். அந்தக் காலத்து மருத்துவர் ஒருவர் வீட்டில் முகம் மழிக்கும்போது அதைத்தான் முணுமுணுத்திருப்பார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. கங்கை அமரனின் அடக்கத்தைப் பற்றிப் பன்னிரண்டாம் தேதி எழுதியபோது இது எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஆகவே பத்தொன்பதாம் தேதிக் குறிப்பைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'ரங்கூன்' பற்றிய பாதியைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

23 ஜூன் 2024

கூற்றை எழுப்பிய வாசகரே இன்று எழுதியிருக்கிறார். 'மாச்சிஸ்' ஒலிநாடா தேய்ந்து அறுந்துபோன வருத்தத்தில்தான் அப்படி எழுதினாராம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு பிரதி எடுத்து அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

30 ஜூன் 2024

இந்தக் குறிப்புகளை எழுதியதன் விளைவாக, பழைய வன்தட்டைத் தேடி எடுத்து அந்தக் குறும்படத்தைத் திறந்தேன். கிளிக் டிராக்கை நீக்கினேன். வீணையையும் பேஸையும் நீக்கினேன். வெட்டி எறிந்த நிறுத்தங்கள் மூலப் பதிவில் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தினேன். பதினெட்டு நிமிடம் இருபத்து மூன்றாயிற்று. பால் பொங்குகிறது, அவர் நிற்கிறார், பின்னால் எங்கோ கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று மோதிக் கழுவப்படும் ஒலி மெல்லக் கேட்கிறது. கடையே அவருக்கு விடைகொடுப்பதுபோல் இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக அந்த ஒலியை வீணைக்கு அடியில் புதைத்து வைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

நடிகருக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டார். படம் நன்றாக இருக்கிறது என்றார். குவளை ஒலியைப் பற்றிக் கேட்டேன். "அதுவா தம்பி, நாம் எல்லோரும் டீ குடித்த கிளாஸைப் புரொடக்‌ஷன் பையன் பின்னால் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல்லி நான் கையைக் காட்டினேன், நீங்கள் ஹெட்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்" என்றார்.